அம்பாந்தோட்டை 'கடன் பொறி': ஆய்வாளர்கள் சொன்னது ஒன்று, அரசுகள் நம்பியது இன்னொன்று. ஏன்?

"சீனாகிட்ட கடன் வாங்கினாங்க, கட்ட முடியல, கடைசியில துறைமுகத்தையே எழுதிக் கொடுத்துட்டாங்க." இலங்கை என்ற பேச்சு வந்தாலே, ஆபீஸ் டீ பிரேக்கில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். டிவி விவாதத்திலும் சொல்வார்கள், வாட்ஸ்அப்பிலும் வரும். அமெரிக்கத் துணை அதிபரே மேடையில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஒரு வரியை ஆராய்ச்சியாளர்கள் சில வருடங்கள் செலவழித்து, ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் சரிபார்த்தார்கள். நாம் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பது தெரிந்தது. அதே சமயம், "அப்போ சீனா மேல தப்பே இல்ல" என்று மறுபக்கம் சொன்னவர்களின் கணக்கிலும் ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டையில் நானும் விழுந்தேன். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த வாரம் நான் ஒரு சார்ட் போட்டேன். "சீனாவின் பங்கு வெறும் 10 சதவீதம்தான்" என்பது தலைப்பு. எண் இலங்கை அரசின் இணையதளத்தில் இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. ஏழு மாதம் கழித்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. உண்மையான பங்கு கிட்டத்தட்ட இரு மடங்கு என்றது.

என் சார்ட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இதே எண்களை வைத்துத்தான் அரசுகள் சட்டம் போடுகின்றன, பேச்சுவார்த்தை நடத்துகின்றன. ஆசிய நாடுகள் பற்றிய ஆராய்ச்சி, முடிவெடுப்பவர்களின் மேசைக்கு ஏன் நேரத்துக்குப் போய்ச் சேருவதில்லை? அம்பாந்தோட்டையை வைத்தே பார்ப்போம்.

முதலில், என்னதான் நடந்தது?

அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டும் யோசனை சீனாவுடையது அல்ல. இலங்கை அரசியலில் பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்ட திட்டம் அது. 2003-ல் கனடாவின் எஸ்.என்.சி.-லாவலின் நிறுவனம், கனடா அரசின் உதவிப் பணத்தில், சாத்தியக்கூறு ஆய்வு செய்தது. 2006-ல் டென்மார்க்கின் ராம்போல் நிறுவனம் இன்னொரு ஆய்வைக் கொடுத்தது.

பிறகு சீனாவின் எக்ஸிம் வங்கி முதல் கட்டத்துக்கு 30.7 கோடி டாலர் கடன் கொடுத்தது. வட்டி 6.3 சதவீதம். "இவ்வளவு அதிக வட்டியா?" என்று தோன்றும். மாறும் வட்டி, நிலையான வட்டி என இரண்டு வாய்ப்புகள் இருந்தன. அப்போது உலகச் சந்தையில் வட்டி ஏறிக்கொண்டிருந்ததால், இலங்கை நிலையான வட்டியைத் தேர்ந்தெடுத்தது. ஹோம் லோன் எடுக்கும்போது ஃபிக்ஸடா, ஃபுளோட்டிங்கா என்று நாம் மண்டையைக் குடைந்துகொள்வோமே, அதே பிரச்சினைதான். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வட்டி சரிந்தது. இலங்கை எடுத்த முடிவு தப்பாகிப் போனது.

2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. ஆனாலும் வருமானம் வரும்வரை காத்திருக்காமல் இரண்டாம் கட்டத்துக்கு 75.7 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். 2017 ஜூலையில், துறைமுகத்தின் பெரும்பான்மைப் பங்கை 99 ஆண்டு குத்தகையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைக்கு வந்த தொகை 112 கோடி டாலர்.

கடனுக்குப் பதிலாகத்தானே கொடுத்தார்கள்?

இல்லை. எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்.

உங்கள் நண்பர் ஒருவர் லோன் போட்டுக் கடை கட்டுகிறார் என்று வையுங்கள். வியாபாரம் ஓடவில்லை. இன்னொரு பக்கம் கிரெடிட் கார்டு பில் கழுத்தை நெரிக்கிறது. கடையை ஒருவருக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டு, கையில் வந்த பணத்தில் கார்டு பில்லைச் சமாளிக்கிறார். கடைக்கு வாங்கிய லோன்? அது அவர் பெயரிலேயே இருக்கிறது, இ.எம்.ஐ. தொடர்கிறது.

அம்பாந்தோட்டையில் நடந்தது ஏறத்தாழ இதுதான். 112 கோடி டாலர் வந்தது, ஆனால் எக்ஸிம் வங்கிக் கடன் ரத்தாகவில்லை. வந்த டாலர், இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கப் பயன்பட்டது. அந்த நேரத்தில் டாலர் தட்டுப்பாட்டுக்கு முக்கியக் காரணம் துறைமுகக் கடன் அல்ல. சர்வதேசச் சந்தையில் பாண்டுகள் விற்று வாங்கிய கடன்தான் அங்கே 'கிரெடிட் கார்டு பில்'.

2020 ஆகஸ்ட்டில் லண்டனின் சாட்டம் ஹவுஸ் வெளியிட்ட ஆய்வில் லீ ஜோன்ஸ், ஷஹார் ஹமீரி இருவரும் இதை விளக்கினார்கள். 2021 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா பிரவுட்டிகமும் ஹார்வர்டின் மெக் ரித்மயரும் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதினார்கள்.

ஆனால் அதற்குள் ரயில் புறப்பட்டுவிட்டது.

கதை எப்படி முந்திக்கொண்டது?

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2017 ஜனவரி: டெல்லி ஆய்வாளர் பிரம்மா செல்லானி, சீனாவின் 'கடன் பொறி ராஜதந்திரம்' பற்றி ஒரு கருத்துக் கட்டுரை எழுதுகிறார். குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

2018 ஜூன்: சீனா இலங்கையிடமிருந்து துறைமுகத்தை எப்படிப் பெற்றது என்று 'நியூயார்க் டைம்ஸ்' பெரிய கட்டுரை வெளியிடுகிறது.

2018 ஆகஸ்ட்: சீனக் கடன்கள் பற்றிக் கவலை தெரிவித்து அமெரிக்க செனட்டர்கள் 16 பேர் தங்கள் அரசுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

2018 அக்டோபர் 4: துணை அதிபர் மைக் பென்ஸ், ஹட்சன் இன்ஸ்டிடியூட் உரையில் இலங்கையை உதாரணம் காட்டுகிறார். அந்தத் துறைமுகம் விரைவில் சீனக் கடற்படைத் தளமாகலாம் என்கிறார். அடுத்த நாளே, வெளிநாட்டுத் திட்டங்களுக்கு 6,000 கோடி டாலர் வரை நிதி தரக்கூடிய புதிய அமெரிக்க நிறுவனத்துக்கான சட்டம் கையெழுத்தாகிறது.

ஒரு கருத்துக் கட்டுரையில் வந்த சொல், வல்லரசின் கொள்கைப் பேச்சாக மாற 21 மாதங்கள் போதுமாக இருந்தது. அதைச் சரிபார்த்த ஆய்வு பொது வாசகர்களிடம் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆனது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். துறைமுகம் பற்றிய பாதுகாப்புக் கவலை வெறும் கற்பனை இல்லை. 2022 ஆகஸ்ட்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல், இந்தியாவின் கவலையையும் மீறி, அதே அம்பாந்தோட்டையில் வந்து நின்றது. ஆனால் 'இந்தத் துறைமுகத்தை யார் பயன்படுத்துவார்கள்?' என்பது ஒரு கேள்வி, 'இலங்கை ஏன் திவாலானது?' என்பது வேறு கேள்வி. ஒன்றின் பதிலை இன்னொன்றுக்கு ஒட்டினால் மருந்து மாறிவிடும்.

அப்போ 10 சதவீதம்தான் சரியா?

அதுவும் இல்லை. என் சார்ட்டின் கதைக்கு வருவோம்.

2021 ஏப்ரல் நிலவரப்படி இலங்கை அரசின் கணக்கு இப்படி இருந்தது: சந்தைக் கடன் 47 சதவீதம், ஆசிய வளர்ச்சி வங்கி 13, சீனா 10, ஜப்பான் 10, உலக வங்கி 9, இந்தியா 2. 'கடன் பொறி' கதையை மறுத்தவர்கள் எல்லோரும் இந்த 10 சதவீதத்தைத்தான் காட்டினார்கள்.

2022 நவம்பரில் உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவல என்ற இரண்டு இலங்கை ஆய்வாளர்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சீனா-ஆப்பிரிக்கா ஆய்வு மையத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி சிம்பிளானது: "இந்த 10 சதவீதத்துக்குள் எது இருக்கு, எது இல்ல?"

இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. சீன வளர்ச்சி வங்கி கொடுத்த கடன்கள் 'சந்தைக் கடன்' என்ற தலைப்புக்குள் போயிருந்தன. இலங்கையின் அரசு நிறுவனங்கள் பெயரில் வாங்கிய சீனக் கடன்கள் மத்திய அரசின் கணக்கிலேயே வரவில்லை. இரண்டையும் சேர்த்தால், 2021 இறுதியில் சீனக் கடன் 740 கோடி டாலர். அரசின் மொத்த வெளிநாட்டுக் கடனில் 19.6 சதவீதம். அப்போதும் பாண்டுக் கடன்தான் முதலிடம். ஆனால் சீனாவை ஓரமாக ஒதுக்கிவிடவும் முடியாது.

'எல்லாம் சீனா' என்றவர்களும் தவறு, 'சீனா ஒன்றுமே இல்லை' என்றவர்களும் தவறு. கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எது எழுதப்பட்டது என்று பொறுமையாகப் பார்த்தவர்களிடம்தான் சரியான விடை இருந்தது.

இந்த வித்தியாசம் யாருக்கு முக்கியம்?

இந்தியாவுக்கே முக்கியம். நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022-ல் இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு இலங்கைக்கு உதவியது. அந்த மார்ச்சில் இலங்கைத் தமிழர்கள் படகேறி தனுஷ்கோடிக்கு வந்து இறங்கத் தொடங்கினார்கள். மே மாதம் தமிழ்நாடு அரசின் அரிசி, பால் பவுடர், மருந்துகளுடன் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

அதே செப்டம்பர் 1-ம் தேதி ஐ.எம்.எஃப். அதிகாரிகளுடன் இலங்கை முதற்கட்ட உடன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் பணம் கிடைக்க நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு, கடன் கொடுத்த நாடுகள் "நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயார்" என்று உறுதி தர வேண்டும். 2023 ஜனவரியில் இந்தியா முதலில் உறுதி கொடுத்தது. சீனாவின் திருப்திகரமான கடிதம் வர மார்ச் ஆனது. மார்ச் 20-ம் தேதி ஒப்புதல் கிடைத்தது. அதாவது, ஆறரை மாதக் காத்திருப்பு.

பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை தாங்கிய கடன் கொடுத்த நாடுகளின் குழு அமைந்தது. சீனா அதில் சேரவில்லை, தனியாகப் பேசியது. 2024 ஜூனில் இந்தக் குழுவுடன் 580 கோடி டாலர் கடனுக்கும், சீன எக்ஸிம் வங்கியுடன் 420 கோடி டாலர் கடனுக்கும் மறுசீரமைப்பு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

சீனா ஏன் தனியாகப் பேசியது? இதற்கான அறிகுறி 2021 மார்ச்சிலேயே ஓர் ஆய்வில் இருந்தது. அமெரிக்காவின் எய்ட்டேட்டா உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள், 24 நாடுகளுடன் சீனா போட்ட 100 கடன் ஒப்பந்தங்களைத் தேடிப் பிடித்து வரி வரியாகப் படித்தார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அவற்றில் பரவலாக இருந்தன. இந்தக் கடனைப் பிற நாடுகளுடன் சேர்ந்த கூட்டு மறுசீரமைப்பில் கொண்டுவரக் கூடாது என்ற விதியும் கிட்டத்தட்ட முக்கால்வாசி ஒப்பந்தங்களில் இருந்தது.

துறைமுகத்தைப் பறிப்பது பொறி இல்லை. ஒப்பந்தத்தை வெளியே காட்டாமல், ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியாகப் பேசுவதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் அதிகாரிக்கு எது உதவும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஆராய்ச்சி ஏன் லேட்டாக வருகிறது?

முதல் காரணம் நேரம். அமைச்சரின் பயணத்துக்கு முன் இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும், அதுவும் நாளைக்குள். ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளிவர ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். ஆய்வாளர் தயாராகும்போது அமைச்சர் ஊருக்குத் திரும்பியிருப்பார்.

இரண்டாவது, ஊக்கம். பேராசிரியரின் பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரை கணக்கில் வரும். வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதிய நல்ல குறிப்பு கணக்கில் வராது. பிறகு யார் மெனக்கெடுவார்கள்?

மூன்றாவது, தரவு. அரசிடம் உள்ள கோப்புகள் ஆய்வாளருக்குக் கிடைக்காது. இந்தியாவின் பொது ஆவண விதிகள்படி, கோப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போவதே 25 ஆண்டுகளுக்குப் பிறகு. உள்ளே இருப்பவருக்கு எண் தெரியும், அலச நேரமில்லை. வெளியே இருப்பவருக்கு நேரம் இருக்கிறது, எண் கிடைக்காது.

நான்காவது, கதையின் கவர்ச்சி. 'கடன் பொறி' இரண்டே சொல். "சந்தைக் கடன் என்ற தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்ட சீன வளர்ச்சி வங்கிக் கடன்" என்று எந்தத் தலைவர் மேடையில் பேசுவார்?

ஆராய்ச்சி ஜெயித்த கதையே இல்லையா?

இருக்கிறது. ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பின் பிறப்பு அப்படிப்பட்டதுதான்.

1965-ல் கியோஷி கோஜிமா என்ற ஜப்பானியப் பொருளாதாரப் பேராசிரியர், பசிபிக் நாடுகளுக்கு ஒரு தடையற்ற வர்த்தகப் பகுதி வேண்டும் என்றார். அரசுகள் தயாராக இல்லை. ஆனால் அந்த யோசனையைப் பேச 1968-ல் டோக்கியோவில் பொருளாதார அறிஞர்கள் கூடினார்கள். அந்த மாநாடு தொடர்ந்து நடந்தது. 1980-ல் ஆஸ்திரேலியா, ஜப்பான் பிரதமர்களின் ஆதரவோடு கான்பெராவில் அடுத்த படி எடுத்தார்கள். ஆய்வாளர்கள், தொழில்துறையினர், அரசு அதிகாரிகள் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். அதிகாரிகள் தனிப்பட்ட முறையில் மட்டும் கலந்துகொண்டார்கள், அவர்கள் சொல்வது அரசின் நிலைப்பாடு ஆகாது.

இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதிகாரிக்கு மனம் திறந்து பேச இடம் கிடைத்தது, ஆய்வாளருக்கு உள்ளே என்ன பிரச்சினை என்று தெரிந்தது. 1989-ல் 12 நாடுகளுடன் ஏபெக் தொடங்கியபோது, அதற்கான வாதங்களும் ஆட்களும் ஏற்கனவே தயாராக இருந்தார்கள். ஒரு பேராசிரியரின் யோசனை அரசுகளின் அமைப்பாக மாற 24 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் பாலம் எங்கே?

பாலமே இல்லை என்று சொல்ல முடியாது. 1943-ல் தொடங்கிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி பெற்ற ஆர்.ஐ.எஸ். 1983 முதல் பொருளாதார ஆய்வு செய்கிறது. டெல்லியில் சீன ஆய்வுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. 2016 முதல் ரைசினா மாநாடு ஆண்டுதோறும் நடக்கிறது.

ஆனால் மாநாட்டில் அமைச்சர் பேசுவதும், ஆய்வாளரின் எண் கோப்புக்குள் போவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் பேராசிரியர் இரண்டு வருடம் அரசில் வேலை பார்த்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்புவது சகஜம். இங்கே அது அரிது. அரசுப் பணத்தில் ஓடும் அமைப்பு அரசிடம் கசப்பான உண்மையைச் சொல்லத் தயங்கும். வெளிநாட்டு நிதியில் ஓடும் அமைப்புக்கு வேறு சிக்கல்: டெல்லியின் பழம்பெரும் கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நிதி உரிமம் 2024 ஜனவரியில் ரத்தானது.

அண்டை நாடுகளைப் பற்றிய அறிவுக்கு நீண்ட கால முதலீடு வேண்டும். சிங்கப்பூர் தென்கிழக்கு ஆசியாவைப் படிக்க 1968-லேயே நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்தது. ஜப்பானின் வளரும் பொருளாதாரங்களுக்கான ஆய்வு நிறுவனம், தன் ஆய்வாளர்களை ஆசிய நாடுகளுக்கு அனுப்பி, அங்கேயே தங்கவைத்து, அந்த ஊர் மொழியில் ஆவணங்களைப் படிக்க வைக்கிறது. இலங்கைக் கடன் விஷயத்திலும் கடைசியில் சரியான எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் வாஷிங்டனிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. தங்கள் நாட்டுக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்த கொழும்புக்காரர்கள்.

சரி, இதில் நமக்கு என்ன?

நம்மில் பலர் இன்று டேட்டா பார்க்கும் வேலையில்தான் இருக்கிறோம். அடுத்த முறை மாலத்தீவு, பங்களாதேஷ், நேபாளம் பற்றி இப்படி ஓர் ஒற்றை வரி வரும்போது, மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சதவீதம் எதில் சதவீதம்? மொத்தக் கடனிலா, வெளிநாட்டுக் கடனிலா, மத்திய அரசு நேரடியாக வாங்கிய கடனிலா?

இந்தக் கணக்கில் விட்டுப்போனது எது? அரசு நிறுவனங்களின் கடன் சேர்ந்திருக்கிறதா?

இதைச் சொல்பவர் ஒப்பந்தத்தைப் படித்தாரா, இல்லை இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா?

மூன்றாவது கேள்வியில் நான் 2022-ல் தோற்றேன். அரசு இணையதளம் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பழைய சார்ட்டின் கீழே இப்போது ஒரு திருத்தக் குறிப்பு இருக்கிறது: '10 சதவீதம் என்பது மத்திய அரசு தன் கணக்கில் சீனக் கடன் என்று வகைப்படுத்தியது மட்டும். அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால் 2021 இறுதியில் 19.6 சதவீதம்.'